நோர்ட்ஷ்லைஃபவில் எங்களுக்கும் இடம் விடுங்கள்: புலம்பெயர்ந்த சிம் ரேசிங் உறவுகளுக்கு ஒரு திறந்த மடல்

ரொறன்ரோ, லண்டன், சூரிச், டோர்ட்முண்ட் என்று இருந்துகொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் கணினித் திரையில் கார் ஓட்டி, ஜேர்மனியின் நோர்ட்ஷ்லைஃப பந்தயப் பாதையில் தமிழ்ப் போட்டி நடத்தும் அண்ணைமாருக்கும் தம்பிமாருக்கும்,

வணக்கம். நான் கொக்குவிலில் கராஜ் வைத்திருக்கிறேன். கராஜோடு ஒட்டின அறைக்குப் பின்னேரங்களில் நாலைந்து பெடியள் சிம் ஓட வருவார்கள். சுவிஸிலிருந்து மச்சான் அனுப்பின ஸ்டியறிங் செட்டைப் பழைய பள்ளிக்கூட மேசை ஒன்றில் கிளாம்ப் போட்டு இறுக்கியிருக்கிறோம். பிரேக்கை அழுத்தி மிதித்தால் பெடல் சீமெந்து நிலத்தில் வழுக்கும். அதற்குப் பின்னால் ஒரு கல்லு. போன மாதம் உங்கள் போட்டியின் மூன்றாவது சுற்றில் சேர்வர் வெளியே தள்ளின பெடியன் அந்த மேசையில் இருந்துதான் ஓடினான்.

அவனுக்குப் பத்தொன்பது வயது, வயரிங் வேலை பழகுகிறான். நோர்ட்ஷ்லைஃபவைப் படிக்க அவனுக்கு எட்டு மாதம் எடுத்தது. 20.8 கிலோமீற்றர் பாதை அது. இங்கே யாழ் நகரிலிருந்து காங்கேசன்துறை போய்ச் சேர்ந்தாலும் மிச்சம் இருக்கிற தூரம். ஒவ்வொரு வளைவையும் கொப்பியில் தமிழில் எழுதி வைத்திருக்கிறான். 'ஃபுக்ஸ்ரோர: பள்ளம், கால் எடுக்காதே.' 'பெர்க்வேர்க்: பொறு, இன்னும் பொறு, பிறகு திருப்பு.' 1976 ஓகஸ்ட் 1ஆம் திகதி ஃபோர்முலா வண் ஓட்டுநர் நிக்கி லவுடாவின் கார் தீப்பற்றியது பெர்க்வேர்க்குக்குக் கொஞ்சம் முன்னால் என்பதும் அந்தப் பக்கத்தில் இருக்கிறது.

குடாநாட்டில் மலை இல்லை. அந்தப் பாதையிலோ உச்சிக்கும் பள்ளத்துக்கும் கிட்டத்தட்ட 300 மீற்றர் வித்தியாசம். ஏற்ற இறக்கம் காரை என்ன செய்யும் என்பதை எங்கள் பெடியள் கைகளால்தான் படித்தார்கள். ஃப்ளூக்பிளாட்ஸ் மேட்டில் முன் சில்லுகள் பாரம் விடும்போது ஸ்டியறிங் வெறுங்கோதாய் லேசாகிவிடும். கருசெல் வளைவின் கொங்கிரீட் பாளங்களில் ஏறினால் மேசை முழுக்க நடுங்கி, ஓரத்தில் வைத்த தேத்தண்ணிக் கோப்பை மெல்ல மெல்ல நகரும். லேசரால் பாதையை அளந்து, மேடு பள்ளத்தைப் புள்ளி புள்ளியாய் எடுத்திருப்பதால் வருகிற நடுக்கம் அது. 2015இல் அசெற்றோ கோர்சா என்ற சிம் விளையாட்டில் அந்தப் பாதை வந்தபோது நான் முதன்முதலாய் ஓடிப் பார்த்துவிட்டு அன்றிரவு நித்திரை கொள்ளவில்லை.

ஜேர்மனியில் இருக்கிற உங்களில் சிலர், பொதுமக்களுக்குத் திறக்கும் நாட்களில் காசு கட்டிச் சொந்தக் காரிலேயே அங்கே ஓடியிருப்பீர்கள். கொலோனிலிருந்து ஒரு மணித்தியாலப் பயணம்தானே. எங்கள் பெடியளுக்கு விசா எப்போது கிடைக்கும், கிடைக்குமா என்று யாரும் சொல்ல முடியாது. நாட்டுக்குள்ளே ஓடலாம் என்றாலும் தியத்தலாவைக்கோ நுவரெலியாவுக்கோ போகவேண்டும்; யாழ்ப்பாணத்தில் ஒரு பந்தயப் பாதையும் இல்லை. அவர்களுக்குக் கிடைத்திருப்பது இந்த மேசையில் இருக்கிற நோர்ட்ஷ்லைஃப ஒன்றுதான்.

அன்றைக்கு ரொறன்ரோவில் ஞாயிறு பின்னேரம் 4 மணி. எங்களுக்குத் திங்கள் அதிகாலை 1.30. இரண்டு சுற்று முடியும்வரை அவன் ஒருவரிலும் முட்டவில்லை. மூன்றாவது சுற்றில் ஷ்வால்பன்ஷ்வான்ஸ் வளைவைத் தாண்டி, அந்த நீண்ட நேர்பாதைக்குள் இறங்கப் போகிற நேரம் திரை நின்றது. பிங், அதாவது சேர்வருக்குத் தகவல் போய்த் திரும்புகிற நேரம், 214 மில்லிசெக்கன்; உங்கள் வரம்பு 200. அவன் ஸ்டியறிங்கை விடாமல் பிடித்தபடியே கொஞ்ச நேரம் இருந்தான். காலையில் ஏழு மணிக்கு வேலைக்குப் போனான்.

உங்கள் விதிக்குக் காரணம் இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. மணிக்கு 200 கிலோமீற்றரில் போகிற கார் 0.2 செக்கனில் 11 மீற்றர் ஓடிவிடும். அந்த இடைவெளியைச் சேர்வர் ஊகித்துத்தான் நிரப்புகிறது. ஒதுங்க இடமில்லாத, ஒடுங்கின பாதையில் அந்த ஊகம் பிழைத்தால் இரண்டு காரும் போகும். ஆனால் ஊகத்தைப் பிழைக்க வைப்பது ஏறி இறங்கித் துள்ளுகிற பிங். 210இலேயே அசையாமல் நிற்கிற காரைச் சேர்வர் ஒழுங்காய்க் காட்டும். 60க்கும் 150க்கும் இடையில் குதிக்கிற கார்தான் பக்கத்தில் வருபவனை இடிக்கும். உங்கள் விதி முதலாவதை வெளியே போட்டு இரண்டாவதை உள்ளே விடுகிறது. எங்கள் தூரத்தை நாங்கள் குறைக்க முடியாது. கொழும்புக்கும் உங்கள் சேர்வர் இருக்கிற ஃபிராங்பேர்ட்டுக்கும் நேர்கோட்டிலேயே ஏறக்குறைய 8,000 கிலோமீற்றர். ஒளி கண்ணாடி இழைக்குள் போய்த் திரும்ப 80 மில்லிசெக்கனாவது வேண்டும். செங்கடல் வழியாகச் சுற்றி வருகிற கடலடிக் கேபிள் அதைவிட எவ்வளவோ நீளம். எவ்வளவு காசு கட்டி இணைப்பு எடுத்தாலும் அது மாறாது.

ஆகவே வரம்பைப் பிங்கின் அளவில் வைக்காமல், அதன் ஏற்ற இறக்கத்திலும் வழியில் தொலைகிற தகவல் பக்கற்றுகளிலும் வையுங்கள். ஒரு கணம் எல்லை தாண்டினால் தள்ளாமல் ஒரு நிமிடமாவது பாருங்கள்.

அதோடு, எங்களைக் கடைசிக் குழுவாகத் தொடங்க விடுங்கள். இது நான் புதிதாய்க் கண்டுபிடித்த வழி இல்லை. 1970இலிருந்து அங்கே நடக்கிற 24 மணிநேர ஓட்டத்திலேயே வேகமான காரையும் மெதுவான காரையும் குழு குழுவாக, இடைவெளி விட்டுத்தான் தொடக்குகிறார்கள். இருபது கிலோமீற்றர் பாதையில் இருபது காருக்கு இடம் தாராளம். முன்னால் இருக்கிற உங்களைப் பிடித்தால் பிடிக்கட்டும்.

நேரத்தையும் ஒருதரம் யோசியுங்கள். கோடையில் லண்டன் பிற்பகல் 2 மணி என்றால் ரொறன்ரோவில் காலை 9, சூரிச்சில் பிற்பகல் 3, எங்களுக்குப் பின்னேரம் 6.30. ஒருவருக்கும் நித்திரை கெடாது. இயலுமானால் மாதத்தில் ஒரு போட்டிக்காவது சேர்வரைச் சிங்கப்பூரில் போடுங்கள். அன்றைக்கு 200 பிங்கோடு ஓடுவது நீங்களாக இருக்கும். அந்த ஓட்டத்தில் உங்களை ஒருவரும் வெளியே தள்ளமாட்டார்கள். சேர்வர் வாடகையில் எங்கள் பங்கையும் நான் தருகிறேன்.

அடுத்த பருவத்துக்கான விதிகளை எழுத உட்காரும்போது இந்த மடலையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பெடியன் இப்போதும் தினமும் வருகிறான். நேற்று ப்ஃப்ளான்ஸ்கார்ட்டன் வளைவுக்குக் கொப்பியில் எழுதியிருந்ததை அழித்துவிட்டு, பிரேக் பிடிக்கிற இடத்தைப் பத்து மீற்றர் தள்ளி எழுதினான்.

அன்புடன்,
கொக்குவிலிலிருந்து ஒரு கராஜ்காரன்