அது அசோகமல்ல, நெட்டிலிங்கம்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் பெரும்பாட்டுக்கு, அதாவது மாதவிலக்கில் அளவுக்கு மீறிய ரத்தப்போக்குக்கு, அசோகப் பட்டை தரும் வழக்கம் பற்றி எழுதியிருந்தீர்கள். கட்டுரை சரி, படம்தான் தப்பு. நீங்கள் போட்டிருப்பது நெட்டிலிங்கம். பள்ளிக்கூட மதிலோரம் நெட்டையாக வரிசைகட்டி நிற்குமே, அது.

மயிலாடுதுறையில் எங்களுக்கு நாட்டு மருந்துக் கடை. மாமனாருக்குப் பிறகு 26 வருஷமாகக் கல்லாவில் நான்தான். படம் வந்த மூன்றாம் நாள் ஒரு பெண் மஞ்சள் பையோடு வந்தார். மகளுக்கு மாதாமாதம் பத்து நாள்வரை நிற்பதில்லையாம். “பேப்பர்ல பார்த்தேன்க்கா, எங்க தெருவுலயே அந்த மரம் இருக்கு. எவ்வளவு போட்டுக் காய்ச்சணும்?” பையில் பச்சைப் பட்டை, கூடவே ஒரு கொத்து இலை. இலையோரம் அலை அலையாக நெளிந்திருந்தது, நெட்டிலிங்கமேதான். நல்லவேளை, அடுப்பில் ஏற்றுமுன் கேட்டார்.

அசல் அசோகில் ஒரே காம்பில் நாலைந்து ஜோடி இலை இருக்கும். துளிர் செம்பு நிறத்தில், நனைந்த துணி மாதிரி துவண்டு தொங்கும். பூ கொத்துக்கொத்தாக, அடிமரத்தில்கூடப் பூக்கும். மஞ்சளும் ஆரஞ்சுமாகத் தொடங்கிப் போகப்போகச் சிவக்கும். நெட்டிலிங்கம் பூப்பதே பலருக்குத் தெரியாது, பூவும் பச்சை. சீதை அசோகின் அடியில் உட்கார்ந்திருந்தாள். நெட்டிலிங்கத்தடியில் உட்கார நிழல் ஏது!

என் மாமியார் பட்டையை இடித்து, பாலும் தண்ணீரும் விட்டு, தண்ணீர் சுண்டிப் பால் மட்டும் நிற்கும்வரை சிறுதீயில் வைப்பார். ஒரே துவர்ப்பு. ஆனால் அதைக் காய்ச்சச் சொல்லி அந்தப் பெண்ணை நான் அனுப்பவில்லை. முதலில் மகள் உடம்பில் ரத்தம் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள், காரணம் கருப்பைக் கட்டியா தைராய்டா என்று டாக்டர் சொல்லட்டும், அப்புறம் அரசு ஆஸ்பத்திரி சித்தா பிரிவில் கேளுங்கள் என்றேன். வியாபாரம் போனால் போகிறது.

எங்கள் தொழிலின் குறையையும் சொல்லிவிடுகிறேன். காய்ந்து துண்டாகி மூட்டையில் வந்தால் எங்களுக்கே அடையாளம் தெரியாமல் போகிறது. அசோகு அருகிவருகிற மரம். சுற்றிலும் பட்டை உரித்தால் பட்டுப்போகும். கிடைக்காதபோது நெட்டிலிங்கப் பட்டை கலக்கிறது. ஒருமுறை ஒரு மூட்டையைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அதற்கு முன்னால் வந்தவை? தெரியவில்லை.

வரும் ஞாயிறு சரியான படத்தைப் போடுங்கள். கறுப்பு வெள்ளையில் வேண்டாம், துளிரின் நிறம் தெரியவேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மயிலாடுதுறை