புள்ளி வைத்த பெயரை ஏற்காத படிவம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். உங்கள் இதழின் வாராந்திர மின்மடலுக்குப் பதிவு செய்ய இணையதளத்தில் ஒரு படிவம் வைத்திருக்கிறீர்கள். அதில் தமிழில் பெயர் எழுதினால் பதிவாகவில்லை. எங்கே சிக்கல் என்று கண்டுபிடித்துவிட்டேன், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

பட்டுக்கோட்டையில் டி.டி.பி., ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். போன வாரம், பள்ளியில் எனக்குப் பாடம் நடத்திய தமிழய்யா செல்போனோடு வந்தார். "மூணு நாளா போட்டுப் பாக்குறேன்மா, பட்டனை அமுக்கினா ஒண்ணும் நடக்க மாட்டேங்குது" என்றார். வாங்கிப் பார்த்தேன். மின்னஞ்சல் முகவரி சரியாக இருந்தது. பெயரை இனிஷியலோடு தமிழில் அடித்திருந்தார். பொத்தானை அழுத்தியதும் பெயர்க் கட்டத்தின் கீழே 'ப்ளீஸ் மேட்ச் த ரிக்வெஸ்டட் ஃபார்மட்' என்று பொடி எழுத்தில் ஒரு பெட்டி எட்டிப்பார்த்துவிட்டுச் சில விநாடிகளில் மறைந்தது. எழுபது வயதைத் தாண்டியவர் கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் அது போய்விடும்.

முதலில் போன் கோளாறு என்றுதான் நினைத்தேன். கடை கம்ப்யூட்டரில் போட்டாலும் அதே கதை. என் மின்னஞ்சலைக் கொடுத்து, பெயரை ஆங்கிலத்தில் அடித்தால் உடனே போனது. சரி, தமிழே ஆகாதோ என்று 'அ' என்று மட்டும் அடித்தேன். அதுவும் போனது. 'சரவண' போனது, 'சரவணன்' நின்றது. 'கமல' போனது, 'கமலா' நின்றது. (இந்தச் சோதனைப் பதிவுகள் உங்கள் பட்டியலில் இருந்தால் தயவுசெய்து நீக்கிவிடுங்கள்.) பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த ஐயாதான் பிடித்தார்: "புள்ளி வந்தா நிக்குது, துணைக்கால் வந்தா நிக்குது பாரும்மா."

அப்புறம் பக்கத்தின் மூல நிரலைத் திறந்து பார்த்தேன். பெயர்க் கட்டத்துக்கு ஒரு விதி போட்டிருக்கிறார்கள்: எழுத்து, இடைவெளி, முற்றுப்புள்ளி மட்டும் வரலாம். கணினிகள் எழுத்துகளைக் குறிக்கப் பயன்படுத்தும் பொது முறையான யூனிகோடில் 'க', 'ம' போன்றவை 'லெட்டர்' என்ற வகையில் இருக்கின்றன. மெய்யெழுத்தின் புள்ளி, துணைக்கால், கொம்பு எல்லாம் தனித்தனிக் குறிகளாக 'மார்க்' என்ற வேறு வகையில் இருக்கின்றன. நம் கண்ணுக்கு 'லா' ஓர் எழுத்து, கணினிக்கு அது 'ல' ஒன்று, கால் ஒன்று. விதியில் 'லெட்டர்' மட்டும் இருப்பதால் கால் வந்ததும் படிவம் மறுக்கிறது.

ஐயா அங்கேயே கணக்குப் போட்டார். உயிர் 12, அகரம் ஏறிய உயிர்மெய் 18, ஆய்தம் 1. ஆக, நம் 247 எழுத்துகளில் 31தான் அந்தப் படிவத்தில் செல்லும். மிச்சம் 216 எழுத்துகளில் ஒன்று வந்தாலும் பெயர் செல்லாது. புள்ளியோ காலோ கொம்போ இல்லாத தமிழ்ப் பெயர் எத்தனை பேருக்கு இருக்கிறது? தமிழ் இதழ் ஒன்றின் வாசலில் வாசகர் தன் பெயரைத் தமிழில் எழுத முடியாமல் நிற்பது எனக்கு மிகுந்த வருத்தமாக இருக்கிறது.

உங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். "எங்களுக்கு வேலை செய்யுதே, இங்கிலீஷ்ல போடச் சொல்லுங்க" என்றார்கள். ஆங்கிலத்தில் அடித்துச் சோதித்தால் வேலை செய்யத்தான் செய்யும். ஒருமுறை உங்கள் பெயரையே தமிழில் அடித்துப் பாருங்கள்.

திருத்தம் பெரிய வேலை இல்லை. அந்த விதியில் 'லெட்டர்' வகையோடு 'மார்க்' வகையையும் சேர்த்தால் போதும். பின்னால் சர்வரிலும் இதே சோதனை இருக்கலாம், அங்கேயும் சேர்க்கச் சொல்லுங்கள். என்னைக் கேட்டால், மடலின் தலையில் 'வணக்கம்' போடுவதற்காக மட்டும் வாங்கும் பெயருக்கு இந்த விதியே வேண்டாம். அப்படியே அந்த எச்சரிக்கையைத் தமிழில், மறையாமல் நிற்கும்படி வைத்தால் பெரியவர்களுக்கு உதவியாக இருக்கும்.

ஆங்கிலத்தில் பதிந்து தரட்டுமா என்று ஐயாவிடம் கேட்டேன். "வேணாம்மா, அவங்க சரி பண்ணட்டும், அப்புறம் வர்றேன்" என்று போய்விட்டார். சரிசெய்ததும் இதழில் ஒரு வரி போடுங்கள். கடையில் வாங்கி வாராவாரம் படிக்கிறவர், பார்த்துக்கொள்வார்.

இப்படிக்கு,
டி.டி.பி. கடை நடத்தும் வாசகி,
பட்டுக்கோட்டை