மே மாதப் பயிற்சியும் நவம்பர் மழையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரி மாணவர்களுக்கு அரசு அலுவலகங்களில் கோடைக்காலப் பயிற்சி தருவது பற்றி உங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். அப்படி ஒரு பயிற்சிக்குப் போய் வந்தவள் என்ற முறையில் எனக்கும் சொல்ல ஒன்று இருக்கிறது. நான் திருச்சியில் முதுகலை சமூகப்பணி படிக்கிறேன். போன வருடம் மே மாதம் முப்பது நாள், கடலோர மாவட்டம் ஒன்றின் ஆட்சியர் அலுவலகத்தில், பேரிடர் மேலாண்மைப் பிரிவில் இருந்தேன். எந்த மாவட்டம் என்று எழுதவில்லை. எழுதினால் எனக்கு வேலை கற்றுக்கொடுத்த அக்காவுக்குச் சங்கடம்.

பேரிடர் மேலாண்மை என்றதும் எங்கள் வீட்டில் ஹெலிகாப்டர் வரைக்கும் கற்பனை செய்துவிட்டார்கள். அங்கே இருந்தது ஓர் அறை. 1077 என்ற மாவட்டப் பேரிடர் உதவி எண்ணுக்கு வரும் அழைப்புகளை எடுக்க இரண்டு தொலைபேசி, ஒரு வயர்லெஸ், சுவரில் மாவட்ட வரைபடம், அட்டை கிழிந்த நீளமான ஒரு பதிவேடு. (சென்னை எழிலகத்தில் இருக்கும் மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்கு 1070. நானே முதல் வாரம் இரண்டையும் மாற்றிச் சொன்னேன்.) அழைப்பு வந்தால் முதலில் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். பேர், ஊர், என்ன பிரச்சினை எல்லாம் அப்புறம். "லைன் கட்டாயிட்டா நம்மகிட்ட நம்பராவது இருக்கணும்ல" என்பார் அக்கா.

மே மாதத்தில் அந்தத் தொலைபேசி அடிப்பதே அபூர்வம். நான் எடுத்தவற்றில் உருப்படியானது ஒன்றே ஒன்று. கோடை மழைக் காற்றில் மின்கம்பி அறுந்து தெருவில் கிடக்கிறது என்று ஒரு பெண்மணி பதற்றமாகப் பேசினார். எந்த இடம் என்று கேட்டால், "பெருமாள் கோயில் பின்னாடிங்க" என்கிறார். ஒரு மாவட்டத்தில் எத்தனை பெருமாள் கோயில்! நான் விழித்துக்கொண்டிருக்க, அக்கா ரிசீவரை வாங்கி, "எந்த ஊர் ரேஷன் கடையில அரிசி வாங்குறீங்க?" என்று ஒரே கேள்வியில் ஊரைப் பிடித்து மின்வாரியத்துக்குச் சொல்லிவிட்டார்.

மீதி நாட்கள் முழுக்கப் பட்டியல்தான். 2005-ம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாவட்டத் திட்டத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். அந்தத் தடித்த புத்தகத்தில் பக்கம் பக்கமாகத் தொலைபேசி எண்கள். முதல் நிலைப் பொறுப்பாளர்கள் (ஆபத்து என்றதும் முதலில் உதவிக்கு வரும் உள்ளூர்க்காரர்கள்), நீச்சல் தெரிந்தவர்கள், படகு வைத்திருப்பவர்கள், பாம்பு பிடிப்பவர்கள், ஜேசிபி, ஜெனரேட்டர், மரம் அறுக்கும் மெஷின் உள்ளவர்கள். ஒவ்வொரு எண்ணையும் அழைத்து, ஆள் இருக்கிறாரா, பொருள் இருக்கிறதா என்று கேட்டுக் குறிக்கச் சொன்னார்கள். ஜெராக்ஸ் எடுக்கச் சொல்லாத குறை என்று எனக்குக் கோபம்தான் வந்தது.

முதல் நாள் நாற்பது எண்கள் போட்டுப் பார்த்தேன். ஒன்பது உபயோகத்தில் இல்லை. ஒருவர் திருப்பூருக்குப் போய் மூன்று வருடமாகிறது. படகுக்காரர் படகை விற்றுவிட்டார், "வாங்கினவன் நம்பர் வேணுமா?" என்று அவரே எடுத்துக் கொடுத்தார். நீச்சல் பட்டியலில் இருந்த ஒருவர், "எனக்கு நீச்சல் தெரியும்னு யாரும்மா சொன்னது?" என்று சிரித்தார்.

மரம் அறுக்கும் மெஷின் பட்டியலில் ஓர் எண்ணை ஓர் அம்மா எடுத்தார். பெயரைச் சொல்லி, இருக்கிறாரா என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "அவர் போய் ரெண்டு வருசமாச்சும்மா. இந்த நம்பரை விட மனசில்லாம நான் வெச்சிருக்கேன்" என்றார். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அவரேதான் மேலே பேசினார். கஜா புயலுக்கு அவர் வீட்டுக்காரர் மூன்று நாள் வீட்டுக்கு வராமல் ரோட்டில் விழுந்த மரங்களை அறுத்தாராம். மெஷின் இப்போது மகனிடம் இருக்கிறது. மகனுடைய எண்ணை வாங்கி, பழைய எண்ணை அடித்துவிட்டுப் பக்கத்தில் பேனாவால் எழுதினேன். எக்செல்லில் ஏற்ற வேண்டிய கணினி அந்த வாரம் வேறு பிரிவுக்குப் போயிருந்தது.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்த புயல் அது. புதுக்கோட்டைப் பக்கம் எங்கள் கிராமத்தில் பன்னிரண்டு நாள் கரண்ட் இல்லை. கம்பம் ஏற்றிய லாரி வர வேண்டுமென்றால் ரோட்டில் கிடக்கும் மரத்தை யாராவது அறுக்க வேண்டும். எங்கள் தெருவுக்கு வந்து அறுத்தவரை யார் அழைத்தார்கள், அவர் எண் யாரிடம் இருந்தது என்றெல்லாம் அன்றைக்கு யார் யோசித்தோம்? அந்த அம்மாவிடம் பேசிய பிறகு பட்டியல் வேலையில் எனக்குக் கோபம் வரவில்லை.

சரி, என் குறை என்னவென்றால், தேதி. புயல்கள் வந்த மாதங்களைப் பாருங்கள். நிஷா 2008 நவம்பர். தானே 2011 டிசம்பர் 30. கஜா நவம்பர். நிவர் 2020 நவம்பர். ஃபெஞ்சல் 2024 நவம்பர் 30. சுனாமிக்கும் பருவமழைக்கும் சம்பந்தமில்லை, ஆனால் அதுவும் வந்தது டிசம்பர் 26-ல். பயிற்சியோ மே மாதம், ஏனென்றால் கல்லூரிக்கு அப்போதுதான் விடுமுறை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை எங்களுக்கு இன்டர்னல், செமஸ்டர், 75 சதவீத வருகைப்பதிவு. கனமழைக்கு ஆட்சியர் விடுமுறை அறிவித்தால் நாங்கள் விடுதியில் போர்த்திக்கொண்டு படுத்திருப்போம். அந்த அறையில் இருப்பவர்களுக்கு அன்றைக்கு ஷிப்ட் மாற ஆள் கிடைக்காது. மழை நாளில் 1077-க்கு வரும் அழைப்புகளில் "நாளைக்கு ஸ்கூல் லீவா?" என்று கேட்பவையே நிறையவாம். அதற்குப் பதில் சொல்லவாவது ஒரு மாணவி போதாதா?

முப்பது நாளை இரண்டாகப் பிரிக்கலாம் என்பது என் யோசனை. மே மாதம் பதினைந்து நாள், பட்டியலைத் திருத்த. அதே மாணவர் அதே அறைக்கு நவம்பரில் பதினைந்து நாள். அந்த நாட்களை வருகைப்பதிவில் சேர்த்துக்கொள்ளப் பல்கலைக்கழகம் ஓர் உத்தரவு போட்டால் போதும். விளையாட்டுப் போட்டிக்கும் என்.சி.சி. முகாமுக்கும் ஓ.டி. (ஆன் டியூட்டி, அதாவது வகுப்புக்கு வந்ததாகவே கணக்கு) கொடுக்கிறார்கள்தானே? மாணவர்களை வெள்ளத்தில் இறக்கச் சொல்லவில்லை, இரவுப் பணியும் கேட்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து போன் எடுக்க, எந்த எண்ணில் யார் இருக்கிறார் என்று சொல்ல, நாற்பது பேரிடம் பேசிப் பழகியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் அங்கே இருப்பவர்களுக்கு ஒரு டீ குடிக்கும் நேரமாவது கிடைக்கும். எங்கள் துறையில் இதைக் கேட்டேன். அடுத்த பேட்ச்சுக்குப் பார்க்கலாம் என்றார்கள்.

நவம்பரில், செமஸ்டருக்கு முந்தைய வாரம், விடிந்தும் விடியாமலும் அக்காவிடமிருந்து போன். பின்னால் இன்னொரு தொலைபேசி விடாமல் அடித்துக்கொண்டிருந்தது.

"நீ பேனாவுல எழுதியிருக்கியே, அந்த நம்பர்ல கடைசிக்கு முன்னாடி இருக்கிறது ஒண்ணா, ஏழா?"

எந்தப் பட்டியல் என்று கேட்டேன். மரம் அறுக்கும் மெஷின். ரோட்டில் புளியமரம் விழுந்து பஸ் நிற்கிறதாம். எனக்குச் சுத்தமாக ஞாபகமில்லை. என் ஒன்றும் ஏழும் ஒரே மாதிரிதான் இருக்கும், பள்ளியிலிருந்தே திட்டு வாங்கியிருக்கிறேன்.

"ரெண்டையும் போட்டுப் பாருங்கக்கா" என்றேன். அதற்குள் அவர் அடுத்த போனை எடுத்துவிட்டார்.

இப்படிக்கு,
முதுகலை மாணவி ஒருத்தி,
திருச்சி