செயலாளர் ஆண்டறிக்கை: சிகாகோ நகரப் பெருமக்கள் வரிசை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும், குடும்பத்தோடு வந்திருக்கும் வட்டத்தின் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். நம் தமிழ் வாசகர் வட்டத்தின் நிறைவடைந்த செயலாண்டுக்கான அறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

ஆண்டு முழுவதும் ஒரே பொருளை எடுத்துக்கொண்டு மாதக் கூட்டங்களை நடத்துவது என்றும், அப்பொருள் நாம் குடியிருக்கும் சிகாகோவின் பெருமக்களாக இருக்கட்டும் என்றும் சென்ற பொதுக்குழுவில் தீர்மானித்தோம். தமிழ் வாசகர் வட்டத்துக்கு இது எதற்கு என்று மூத்த உறுப்பினர்கள் சிலர் அப்போதே கேட்டார்கள். பிள்ளைகள் பள்ளியில் இப்பெயர்களைப் படித்துவிட்டு வந்து ஏதாவது கேட்டால் நாம் திருதிருவென்று விழிக்கிறோம் என்று தாய்மார்கள் தந்த பதிலே அன்று எடுபட்டது. உரைகளும் கட்டுரைகளும் தமிழிலேயே அமைய வேண்டும் என்ற திருத்தத்துடன் தீர்மானம் நிறைவேறியது.

யாரை இந்நகரத்தவர் என்று கொள்வது என்பதைப் பேசியே முதல் செயற்குழுக் கூட்டம் முடிந்தது. வால்ட் டிஸ்னி 1901இல் இங்கேதான் பிறந்தார். ஆனால் சிறு வயதிலேயே குடும்பத்துடன் மிசௌரிக்குப் போய்விட்டார். பின்னர் சிறிது காலம் திரும்பி வந்து படித்தாரே தவிர, அவரது பெருவாழ்வு வேறிடத்தில்தான் நடந்தது. எழுத்தாளர் ஹெமிங்வே பிறந்த ஓக் பார்க், நகர எல்லைக்கு வெளியே உள்ள தனி ஊர். இன்னொரு பக்கம், சிகாகோ என்றதும் நினைவுக்கு வரும் பெயர்களில் பெரும்பாலானவை வெளியூரிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ வந்தவர்களுடையவை. ஆகவே பிறப்பைக் கணக்கில் கொள்ளாமல், இந்நகரில் பணியாற்றி, இன்றும் நாம் நேரில் போய்ப் பார்க்கத்தக்க ஏதேனும் ஒன்றை விட்டுச்சென்றவர்களையே எடுத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. ஊரிலிருந்து வரும் விருந்தினர்கள் முதலில் விசாரிப்பது குற்றக் கும்பல் தலைவன் அல் கபோனைத்தான் என்பது நாம் அறிந்ததே. எனினும், வரி ஏய்ப்புக் குற்றத்துக்காக 1931இல் தண்டனை பெற்ற அவருக்கு ஒரு மாதத்தை ஒதுக்குவதில்லை என்று பெரும்பான்மை வாக்கில் தீர்மானித்தோம். மாற்றுக் கருத்து கொண்டவர்களின் வேண்டுகோள்படி அவர்களது மறுப்பு குறிப்பேட்டில் பதியப்பட்டுள்ளது.

வரிசையை ழான் பாப்டிஸ்ட் புவான் டு சாபிளில் தொடங்கினோம். ஆப்பிரிக்க வம்சாவளியினரான இவர், சிகாகோ ஆறு ஏரியைச் சந்தித்த இடத்தில் 1780களில் வீடும் வணிக நிலையமும் அமைத்து, அமெரிக்கப் பழங்குடியான பொட்டவட்டோமி குலத்துப் பெண்ணான கிட்டிஹாவாவை மணந்து வாழ்ந்தார். 1800இல் சொத்தை விற்றுவிட்டுப் போனவர், 1818இல் மிசௌரியில் காலமானார். நகராட்சி உருவானது 1837இல். அதற்கு வித்திட்டவர் இவரே என்று நகரம் முறைப்படி ஏற்றுக்கொண்டதோ 2006இல்தான். நாம் அன்றாடம் கார் ஓட்டிச் செல்லும் ஏரிக்கரைச் சாலைக்கு 2021இல் இவர் பெயர் முன்னொட்டாகச் சேர்க்கப்பட்டது. அந்தப் பெயருக்கு உரியவர் யார் என்று அன்றுதான் தெரிந்துகொண்டதாகப் பலர் கூறினர்.

ஆண்டின் சிறந்த நிகழ்ச்சி எதுவென்று கேட்டால், வடபகுதியில் கிளார்க் தெருவில் உள்ள கிரேஸ்லாண்ட் கல்லறைத் தோட்டத்துக்குச் சென்ற நாளைத்தான் சொல்வேன். இடுகாட்டுக்குக் குழந்தைகளோடு சுற்றுலாவா என்று வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளித்தது உண்மை. ஆனால் 1860இல் தொடங்கிய அத்தோட்டத்துக்குள் ஒரு சுற்று வந்தால் இந்நகரம் கட்டப்பட்ட கதை முழுவதும் கல்லில் கிடைத்துவிடும். 1871 அக்டோபரில் மூண்ட பெருந்தீயில் சுமார் 300 பேர் மாண்டு, ஒரு லட்சம் பேர் வீடிழந்தனர். சாம்பலாகிப் போன நகர நடுவே மீண்டும் கட்ட வேண்டிய நெருக்கடியும், நில விலை ஏறிய வேகமும், எஃகுச் சட்டகமும் மின்தூக்கியும் கைக்கு வந்த காலமும் ஒன்றுசேர்ந்ததால்தான், கட்டடக் கலைஞர்கள் இங்கே வந்து குவிந்து, மேல்நோக்கிக் கட்டப் பழகினார்கள். அவர்களில் பலர் அத்தோட்டத்திலேயே உறங்குகிறார்கள்.

1893 உலகக் கண்காட்சியைக் கட்டி எழுப்பியவரும் 1909இல் நகரத் திட்டத்தை வகுத்தவருமான டேனியல் பர்னம், தோட்டத்துக் குளத்தின் நடுவே ஒரு சிறு தீவில், ஒரு கற்பாறையின் அடியில் இருக்கிறார். வானளாவிகளின் அழகியலுக்கு வழிகாட்டிய லூயிஸ் சல்லிவன், வாய்ப்புகள் வற்றிப்போய், 1924இல் ஒரு விடுதி அறையில் வறுமையில் இறந்தார். அவர் நினைவுக்கல்லே சில ஆண்டுகள் கழித்து, 1929இல்தான் வைக்கப்பட்டது. அவருக்கே உரிய இலை, கொடி வேலைப்பாடு அந்தக் கல்லின் முகத்தில் செதுக்கப்பட்டிருப்பதை எங்கள் குழுவில் இருந்த சிறுமி ஒருத்தி தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படி எடுக்க முனைய, தோட்டக் காவலர் கனிவாகத் தடுத்துவிட்டார். ஜெர்மனியிலிருந்து 1938இல் வந்து, கண்ணாடியும் எஃகும் அன்றி வேறு அலங்காரம் வேண்டாம் என்று வாழ்ந்த மீஸ் வான் டெர் ரோவுக்குத் தரையோடு தரையாக ஒரு கருங்கல் பலகை மட்டுமே உள்ளது.

ரயில் பெட்டிச் செல்வந்தர் ஜார்ஜ் புல்மனின் கல்லறையில் ஓர் உயர்ந்த தூண் நிற்கிறது. தம் தொழிலாளர்கள் குடியிருக்கத் தாமே ஓர் ஊரைக் கட்டிய இவர், மந்தநிலை வந்தபோது கூலியைக் குறைத்தார். அவர்களிடம் வாங்கிய வீட்டு வாடகையை மட்டும் குறைக்கவில்லை. 1894இல் வேலைநிறுத்தம் நாடெங்கும் பரவி, படை வந்து அடக்கியது. 1897இல் அவர் இறந்தபோது, ஆத்திரம் தீராத தொழிலாளர்கள் உடலைத் தோண்டி எடுத்துவிடுவார்களோ என்று அஞ்சிய குடும்பத்தார், பெட்டியைக் கான்கிரீட்டில் புதைத்து, மேலே எஃகுத் தண்டவாளங்களை அடுக்கி மூடினர். பெருமக்கள் வரிசையில் இவரை எப்படிச் சேர்த்தீர்கள் என்ற கேள்வி அங்கேயே எழுந்தது. அவர் கட்டிய ஊர் இன்றும் நிற்பதால் நம் விதிப்படி சேர்க்க வேண்டியதாயிற்று. புகழ்வதற்காகச் சேர்க்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

அதே தோட்டத்தில் நம் அண்டை நாட்டவர் ஒருவரும் இருக்கிறார். 1929இல் பிறந்து டாக்காவில் வளர்ந்த ஃபஸ்லுர் ரஹ்மான் கான், 1952இல் இல்லினாய்ப் பல்கலைக்கழகத்துக்கு மேற்படிப்புக்கு வந்து, 1955இல் இந்நகர நிறுவனம் ஒன்றில் கட்டமைப்புப் பொறியாளராகச் சேர்ந்தார். 100 மாடி ஜான் ஹான்காக் கட்டடமும், இன்று வில்லிஸ் டவர் எனப்படும் 110 மாடி சியர்ஸ் டவரும் அவர் கணக்கில் எழுந்தவை. மிக உயரமான கட்டடத்துக்குப் பெரும்பகை அதன் எடையைவிட, பக்கவாட்டில் தள்ளும் காற்றுதான். சட்டகத்தை உள்ளே நிரப்பிக்கொண்டே போனால் செலவு கட்டுப்படியாகாது. வெளிச் சுவரையே உறுதியான குழாயாக்கிவிட்டால் காற்றை அதுவே தாங்கும் என்பது கானின் கண்டுபிடிப்பு. சியர்ஸ் டவரில் அப்படிப்பட்ட ஒன்பது சதுரக் குழாய்களை ஒன்றோடொன்று சேர்த்தார். அவற்றில் ஏழு வெவ்வேறு உயரங்களில் நின்றுவிட, இரண்டு மட்டுமே 1,450 அடி உச்சியைத் தொடுகின்றன. கட்டமைப்புத் துறையில் பணியாற்றும் நம் உறுப்பினர் இதை விளக்க, பழச்சாறு குடிக்கும் ஸ்ட்ரா ஒன்றை மேசைமேல் நிறுத்தி ஊதினார், அது விழுந்தது. ஒன்பதை ரப்பர் பேண்டால் கட்டி நிறுத்தி, பிள்ளைகள் அனைவரையும் ஊதச் சொன்னார், அது அசையவில்லை. 1971இல் வங்கதேச விடுதலைப் போரின்போது இங்கிருந்தபடி நிதியும் ஆதரவும் திரட்டிய கான், 1982இல் ஜெத்தாவில், 52 வயதில், மாரடைப்பால் இறந்தார். பெருந்தெருக்களில் அவர் கட்டடங்களைக் காட்டி நிழற்படம் எடுத்துக்கொள்ளும் நம்மவர்களில் எத்தனை பேருக்கு இப்பெயர் தெரியும் என்ற வருத்தத்தை மறைக்க விரும்பவில்லை.

ஜேன் ஆடம்ஸ் பற்றிய கூட்டத்துக்கு மகளிர் அணியினர் பொறுப்பேற்றனர். 1889இல் எல்லன் கேட்ஸ் ஸ்டாருடன் சேர்ந்து ஹால்ஸ்டட் தெருவில் ஹல் ஹவுஸைத் தொடங்கி, இத்தாலி, கிரேக்கம், ரஷ்யா முதலிய நாடுகளிலிருந்து வந்து நெருக்கடியில் குடியிருந்த ஏழைகளுக்குக் குழந்தைகள் காப்பகம், மாலைப் பள்ளி, குளிக்குமிடம் என ஒவ்வொன்றாக ஏற்படுத்தியவர் இவர். 1931இல் அமைதிக்கான நோபல் பரிசு இவருக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது. பரிசைவிடக் குப்பை வண்டிதான் அன்று அதிகம் பேசப்பட்டது. தம் வட்டாரத்தில் குப்பை அள்ளும் ஒப்பந்தத்துக்கு இவர் விண்ணப்பிக்க, விதியொன்றைக் காட்டித் தள்ளிவிட்டார்கள். ஆனால் அந்தப் பரபரப்பினாலேயே 1895இல் மேயர் இவரைக் குப்பை ஆய்வாளராக நியமித்தார். விடியற்காலையில் எழுந்து, குப்பை வண்டிகளின் பின்னாலேயே போய், அவை எங்கே கொட்டுகின்றன என்று பார்த்து வந்தார். கல் பாவிய தெரு ஒன்று குப்பைக்கு அடியில் ஒளிந்துகிடந்ததையும் அப்போதுதான் கண்டுபிடித்தார்கள். ஹல் ஹவுஸின் பெரும்பாலான கட்டடங்கள் 1960களில் பல்கலைக்கழக வளாகத்துக்காக இடிக்கப்பட்டுவிட்டன. எஞ்சியவை அருங்காட்சியகமாக உள்ளன.

1893 கண்காட்சியைத் தனியே ஒரு மாதத்துக்கு எடுத்தோம். அவ்வாண்டு செப்டம்பர் 11 அன்று, இன்று கலைக்கூடமாக உள்ள மிச்சிகன் அவென்யூக் கட்டடத்தில், உலக சமயப் பேரவையில் விவேகானந்தர் பேசினார் என்பது ஊரறிந்த செய்தி. அவர் கப்பலேறச் சென்னையில் வீடு வீடாகப் போய்ப் பணம் சேர்த்தவர் அளசிங்கப் பெருமாள் என்ற ஆசிரியர் என்பதும், இராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி ஊக்கம் தந்தார் என்பதும் நம் பிள்ளைகளுக்குப் புதிய செய்திகள். அதே கண்காட்சியில், கறுப்பின மக்களின் சாதனைகளுக்கு ஏன் இடமில்லை என்று கேட்டு, அடிமை முறையை எதிர்த்துப் போராடிய ஃபிரெடரிக் டக்ளஸின் துணையோடு ஒரு சிறு நூலை அச்சிட்டு, வந்தவர்களின் கையில் கொடுத்தவர் ஐடா பி. வெல்ஸ். அடித்துக் கொல்லும் கும்பல் வன்முறையை ஊர் ஊராகச் சென்று ஆராய்ந்து எழுதிய இப்பத்திரிகையாளர், 1895இல் மணமாகி இந்நகரிலேயே தங்கிவிட்டார். இறந்து 89 ஆண்டுகள் கழிந்தபின், 2020இல்தான் புலிட்சர் சிறப்புப் பாராட்டு அவருக்கு வந்தது. நகரின் தென்பகுதியிலுள்ள பிரான்ஸ்வில்லில் அவருக்கான நினைவுத் தூணைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில், ஒரே கண்காட்சியின் வாசலில் ஒருவருக்குக் கைதட்டலும் இன்னொருவருக்குப் புறக்கணிப்பும் கிடைத்ததைப் பற்றி வேன் முழுக்க விவாதம் நடந்தது.

ஹைட் பார்க் கூட்டத்தில் நம்மோடு நேரான தொடர்புடைய இருவரைப் பேசினோம். சென்னை மாநிலக் கல்லூரி மாணவரான வானியற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகர், 1937இல் சிகாகோப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 1995இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். பத்தொன்பது வயதில் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போதே விண்மீன்களின் முடிவைப் பற்றிப் போடத் தொடங்கிய கணக்குக்கு 1983இல் நோபல் பரிசு வந்தது. ஆனால் இங்கே அவர் செய்த ஓசையற்ற வேலை எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது: 1952 முதல் 1971 வரை வானியற்பியல் ஆய்விதழ் ஒன்றின் ஆசிரியராக இருந்து, அதை உலக அளவில் முதன்மையானதாக வளர்த்தெடுத்தார்.

1962இல் அதே பல்கலைக்கழகத்துக்கு வந்த ஏ. கே. ராமானுஜன், ஹார்ப்பர் நூலகத்தின் அடித்தளத்தில் பழந்தமிழ் இலக்கணப் புத்தகம் ஒன்றைத் தேடப் போன இடத்தில், சங்கப் பாடல்களின் தொகுப்பு ஒன்று கையில் அகப்பட, அதிலிருந்தே தம் வாழ்நாள் வேலையைத் தொடங்கினார். மைசூரில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து கன்னடத்தில் கவிதை எழுதியவர், 1967இல் குறுந்தொகைப் பாடல்களை ஆங்கிலத்தில் வெளியிட்டார். அன்றைய கூட்டத்தில் நம் மூத்த உறுப்பினர் ‘யாயும் ஞாயும் யாரா கியரோ’ பாடலைப் புத்தகம் பாராமல் சொல்ல, சென்ற ஆண்டு இப்பொருளை எதிர்த்தவரும் அவரே என்பதால் அவை சிரித்து மகிழ்ந்தது.

இசைக்கும் இலக்கியத்துக்கும் போதிய இடம் தர இயலவில்லை. 1943இல் மிசிசிப்பியிலிருந்து வந்து, கிட்டாரை மின்சாரத்தோடு இணைத்து ப்ளூஸ் இசையை மாற்றிய மடி வாட்டர்ஸுக்கும், 1950இல் புலிட்சர் பெற்ற முதல் கறுப்பினக் கவிஞர் குவெண்டலின் புரூக்ஸுக்கும் ஒரே மாலையைப் பங்கிட்டோம். அதுவும் பனிப்பொழிவால் வந்தவர் குறைவு. முதல் கறுப்பின மேயரான ஹெரால்ட் வாஷிங்டன் பற்றிய உரை ஒத்திவைக்கப்பட்டுள்ளது. சிறுவர் நிகழ்ச்சியில் கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டானைச் சேர்த்தே ஆக வேண்டும் என்று பிள்ளைகள் மனு கொடுத்தனர். சிலை நிற்பதால் நம் விதிக்கு அவரும் உட்படுவார் என்று அவர்கள் வாதிட்டதை மறுக்க முடியவில்லை.

உறுப்பினர்கள் எழுதிய கட்டுரைகளைத் தொகுத்த மலர் இன்று வாசலில் கிடைக்கும். வரவு செலவைப் பொருளாளர் தனியே அளிப்பார். வரும் ஆண்டிலும் இதே வரிசையைத் தொடர்ந்து, தென்பகுதிக்கு உரிய இசையையும் இலக்கியத்தையும் கோடைக்காலத்துக்கு மாற்றி நடத்தலாம் என்று செயற்குழு பரிந்துரைக்கிறது. கபோன் பற்றிய தீர்மானத்தை மறுபரிசீலனை செய்யுமாறு கையொப்பமிட்ட கடிதம் ஒன்றும் வந்துள்ளது. அதைப் பொதுக்குழுவின் முடிவுக்கே விடுகிறேன். உரையாற்றியவர்களுக்கும், கார்களைத் தந்து உதவியவர்களுக்கும், கல்லறைத் தோட்டத்தில் புளியோதரை பரிமாறியே தீருவேன் என்று நின்று, பின் வெளியே பூங்காவில் பரிமாறிய உணவுக் குழுவினருக்கும் நன்றி. இவ்வறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவை வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்