2023-ல் நின்ற ரோப்வே: அவுலியை என்ன செய்யப் போகிறார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் உத்தராகண்டின் பனிச்சறுக்குத் தலமான அவுலி பற்றிய பயணக் கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. ஆனால், அதன் அடிவாரத்து ஊரான ஜோஷிமத்தில் ரோப்வே ஏறினால் அரை மணி நேரத்துக்குள் பனிமலைக்குப் போய்விடலாம் என்ற வரியைப் பார்த்ததும் மனசுக்குக் கஷ்டமாகிவிட்டது. அந்த ரோப்வே 2023 ஜனவரியிலேயே நின்றுவிட்டது. இன்னும் ஓடவில்லை.

நான் இந்தோ-திபெத் எல்லைக் காவல் படையில் இருந்து ஓய்வு பெற்றவன். 1997 குளிர்காலத்தில் அவுலியில் உள்ள எங்கள் படையின் பயிற்சி நிலையத்துக்குப் பனிச்சறுக்கு கற்க என்னை அனுப்பினார்கள். அதுவரை நான் பனியைக் கண்ணால் பார்த்ததில்லை. முதல் சில நாள் ஸ்கீயை, அதாவது பனிச்சறுக்குப் பலகையைத் தோளில் சுமந்து மேடேறுவதும், பக்கவாட்டில் அடி வைத்துப் பழகுவதும்தான் பாடம். உஸ்தாத், அதாவது எங்கள் பயிற்சி ஆசிரியர், கட்வால் மலைப் பகுதிக்காரர். "முன்னால் சாய்" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். சரிவைப் பார்த்த பயத்தில் உடம்பு தானாகப் பின்னால் போகும். போனால் ஸ்கீ நம் பேச்சைக் கேட்காது. அது ஒன்று பிடிபட எனக்குப் பத்து நாளானது. எதிரே 7,816 மீட்டர் உயர நந்தாதேவி. சாயங்காலம் கீழே பள்ளத்தாக்கு இருட்டிய பிறகும் அந்தச் சிகரத்தில் மட்டும் வெயில் நிற்கும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஜோஷிமத் பிள்ளைகள் மேலே வந்துவிடுவார்கள். நாங்கள் கழித்துப் போட்ட ஸ்கீயை ரப்பர் பூட்ஸோடு கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு எங்களைத் தாண்டிச் சர்ரென்று இறங்குவார்கள். அவுலி என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தப் பிள்ளைகள்தான்.

நம் வாசகர்களில் பலர் பத்ரிநாத் யாத்திரையில் ஜோஷிமத் வழியாகப் போயிருப்பார்கள். திருமங்கையாழ்வார் பாடிய திருப்பிரிதி இதுதான் என்று வைணவர்கள் சேவிக்கும் நரசிம்மர் கோயில் உள்ள ஊர். ஆனால் யாத்திரை போகிறவர்கள் பார்ப்பது கோடைக்கால ஜோஷிமத்தை மட்டும். நவம்பரில் பத்ரிநாத் நடை சாத்தினால், திறக்க ஏப்ரல் கடைசியோ மே மாதமோ ஆகும். ஓட்டல்காரர், ஜீப் ஓட்டுபவர், சுமை தூக்குபவர், வழிகாட்டிப் பையன்கள், எல்லோருக்கும் அந்த ஆறு மாதத்துக்கு இருந்த பிழைப்பு அவுலியில் விழும் பனிதான்.

அங்கே எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். ஸ்கீயும் பூட்ஸும் வாடகைக்கு விடும் சின்னக் கடை அவருடையது. ஒவ்வொரு பூட்ஸின் குதிகாலிலும் வெள்ளை பெயிண்டில் அளவு எழுதியிருக்கும். மாலையில் அத்தனையும் ஈரமாகத் திரும்பி வரும். அவரும் அவர் மனைவியும் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்குள்ளும் பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, புகாரி அடுப்பைச் சுற்றி அடுக்கி வைப்பார்கள். காலையில் அந்தக் காகிதத்தை உருவினால் பூட்ஸ் காய்ந்து கதகதவென்று இருக்கும். எத்தனையோ இரவு நானும் கூட உட்கார்ந்து திணித்திருக்கிறேன்.

2023 ஜனவரியில் ஜோஷிமத்தின் நிலமே உள்வாங்கியதில் அவர் வீட்டுச் சுவரில் விரல் நுழையும் அளவுக்கு விரிசல். குடியிருக்க ஆபத்து என்று கதவில் சிவப்பில் பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போனார்கள். ஊரில் 800-க்கும் மேற்பட்ட கட்டடங்களில் விரிசல் என்று அரசே கணக்கெடுத்தது. ரோப்வேயின் கீழ் நிலையத்துப் பக்கமும் நிலம் பிளந்ததால் வண்டியை நிறுத்தினார்கள். நிறுத்தியது சரிதான், அதில் எனக்கு மறுப்பில்லை. ஜோஷிமத் பழைய நிலச்சரிவு மண்ணின் மேல் உட்கார்ந்திருக்கிறது, கனமான கட்டுமானம் வேண்டாம், வெடி வைத்துப் பாறையை எடுக்க வேண்டாம் என்று 1976-லேயே அரசு அமைத்த மிஸ்ரா குழு எழுதிக் கொடுத்தது. கேட்டிருந்தால் நண்பர் இன்று வாடகை வீட்டில் இருக்க வேண்டியதில்லை.

இத்தோடு பனியும் ஏமாற்றுகிறது. 2023 பிப்ரவரியில் அங்கே நடக்க வேண்டிய தேசியக் குளிர்கால விளையாட்டுப் போட்டியைப் பனி இல்லையென்று ரத்து செய்தார்கள். 2024 ஜனவரியில் சரிவு முழுக்கப் பழுப்புப் புல். 2011-ல் தெற்காசியக் குளிர்கால விளையாட்டுப் போட்டிக்காகச் செயற்கைப் பனி தூவும் இயந்திரங்கள் வைத்தார்கள், தண்ணீருக்கு மேலேயே ஒரு குளமும் வெட்டினார்கள். இப்போது அவசரத்துக்கு அந்த இயந்திரங்கள் உதவவில்லை. நன்றாகப் பராமரித்தாலும் கடுங்குளிர் இருந்தால்தான் அவை பனியைத் தூவும், சூடான குளிர்காலத்துக்கு அது மருந்தாகாது. ஆனால் குளிர் வரும் பத்து இருபது இரவுகளையாவது பயன்படுத்தி ஒரு சின்னச் சரிவை மூடிவிடலாம். பிள்ளைகள் பழக அது போதும்.

பெரிய திட்டங்கள் வேண்டாம் என்பதுதான் என் எண்ணம். 2019 ஜூனில் ஒரு பணக்காரக் குடும்பம் அந்தப் புல்வெளியில் கல்யாணம் நடத்தி, குப்பை மலையாகக் குவிந்து, உயர் நீதிமன்றமே தலையிட வேண்டி வந்தது. அந்தப் புல்வெளியில் இன்னும் நான்கு ஓட்டல் கட்டினால் அவுலி பிழைக்காது. ரோப்வேயைப் பொறுத்தவரை, நிலவியல் வல்லுநர்கள் கீழ் நிலையத்துக்குக் கெட்டியான வேறு இடம் காட்டினால் கட்டட்டும். இடமே இல்லையென்றால், இல்லை என்று ஊர்க் கூட்டத்தில் நேராகச் சொல்லிவிடட்டும். பதில் தெரியாமல்தான் அங்கே யாரும் எந்த முடிவும் எடுக்க முடியாமல் தவிக்கிறார்கள். பத்து நாள் முன்பு பேசியபோது நண்பர் கேட்டார்: "பாயி சாப், 60 ஜோடி பூட்ஸ் இருக்கு. இந்த வருஷம் பழுது பார்க்கவா, விற்றுவிடவா?" எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அவர் மகன் மாநிலப் போட்டி வரை போன பையன், இப்போது டேராடூனில் டெலிவரி வேலை பார்க்கிறான். பயிற்சியாளர் சான்றிதழ் உள்ள உள்ளூர்ப் பிள்ளைகளுக்குக் குளிர்காலத்தில் அரசு சம்பளம் கொடுத்து, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கற்றுத்தர வைத்தால் இப்படிப்பட்டவர்கள் ஊரிலேயே இருப்பார்கள். அதற்கு ஆகும் செலவு ஒரு ரோப்வே கோபுரத்துக்கு ஆகும் செலவுகூட இருக்காது என்று நம்புகிறேன்.

அடுத்த முறை அவுலி பற்றி எழுதும்போது ரோப்வே நிற்கிறது என்பதைத் தயவுசெய்து சேர்த்துவிடுங்கள். ஜோஷிமத்திலிருந்து சாலை வழி சுமார் 14 கி.மீ. பனி விழுந்த நாளில் சொந்தக் காரில் ஏற வேண்டாம். டயரில் சங்கிலி கட்டிய உள்ளூர் ஜீப்புகள் உண்டு. பூட்ஸ் அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும். காலையில் போட்டால் காய்ந்துதான் இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற எல்லைக் காவல் படை வீரர்,
குடியாத்தம்