மனோரமாவுக்கு ஓர் ஆண்டு: நாடக ரசிகர் மன்றச் செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்களுக்கும் என் பணிவான வணக்கம்.

ஓராண்டு முழுவதும் ஒரே கலைஞரைப் பற்றிப் பேசுவது என்று சென்ற பொதுக்குழுவில் தீர்மானித்து, ‘ஆச்சி’ மனோரமாவைத் தேர்ந்தெடுத்தோம். அவர் பிறந்த நாளான மே 26 அன்று முதல் கூட்டத்தையும், மறைந்த நாளான அக்டோபர் 10 அன்று நினைவுக் கூட்டத்தையும் நடத்தினோம். இடையிலும் பின்னரும் மாதக் கூட்டங்கள் நடைபெற்றன. மண்டபம் கிடைக்காமல் ஒரு மாதக் கூட்டம் தவறியதற்கு வருந்துகிறேன்.

அவரை நகைச்சுவை நடிகை என்று மட்டும் சொல்லிப் பழகிவிட்டோம் என்பதே முதல் கூட்டத்திலிருந்து எழுந்த குறை. 1937-இல் மன்னார்குடியில் கோபிசாந்தாவாகப் பிறந்து, வறுமையால் தாயுடன் காரைக்குடிக்கு அருகிலுள்ள பள்ளத்தூருக்கு வந்து, படிப்பைப் பாதியில் விட்டு, 12 வயதில் மேடையேறிய சிறுமிக்குத் திருவேங்கடம் என்ற நாடக இயக்குநரும் தியாகராஜன் என்ற ஆர்மோனியக் கலைஞரும் சேர்ந்து வைத்த பெயரே மனோரமா. பெயரை மட்டுமன்றித் தொழிலையும் அவருக்கு நாடகக் கொட்டகையே கொடுத்தது. கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கும் கேட்கும்படி வசனத்தைத் தெளிவாகச் சொல்வது, பாடிக்கொண்டே நடிப்பது, எதிரில் நிற்பவர் வசனம் தவறினாலும் காட்சியைத் தொய்யவிடாமல் நடத்திச் செல்வது ஆகியவை மேடையில் நாள்தோறும் நின்றவர்களுக்கே வசப்படும். எஸ்.எஸ். ராஜேந்திரனின் நாடகக் குழுவில், கலைஞர் கருணாநிதி எழுதிய ‘மணிமகுடம்’ போன்ற நாடகங்களில் நடித்துப் பெயர் பெற்ற பிறகே திரையுலகம் அவரை அழைத்தது.

1958-இல் கண்ணதாசன் தயாரித்த ‘மாலையிட்ட மங்கை’யில் நகைச்சுவை வேடத்தில் அறிமுகமானார். 1963-இல் ‘கொஞ்சும் குமரி’யில் கதாநாயகியாகவும் நடித்தார். ஆயினும் துணை வேடங்களே அவருக்கு நீண்ட ஆயுளைத் தந்தன. அவற்றுள் எங்கள் கூட்டங்களில் அதிக நேரம் பேசப்பட்டது, 1968-இல் வெளிவந்த ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தின் ஜில் ஜில் ரமாமணி. நாடகக்காரி ஒருத்தியின் பகட்டு, வெள்ளந்தித்தனம், தொழில்மீது அவளுக்கிருந்த பற்று ஆகிய மூன்றையும் ஒரே பாத்திரத்தில் கொண்டுவந்த அந்த நடிப்பில், தாம் வாழ்ந்த நாடக வாழ்க்கையையே அவர் திரும்பக் கொடுத்தார் என்பது என் கருத்து. அந்த ரமாமணியைப் பார்த்துச் சிரிக்கிறோம், ஆனால் ஓரிடத்திலும் அவளை இழிவாக நினைக்கத் தோன்றுவதில்லை.

வட்டார வழக்குகளைப் பற்றிய கூட்டமும் நிறைவாக அமைந்தது. செட்டிநாட்டுப் பேச்சு அவர் வளர்ந்த மண்ணின் பேச்சு; ‘ஆச்சி’ என்பதும் அந்த மண்ணின் சொல்தான். அப்படிப்பட்டவர், அதே 1968-இல் ‘பொம்மலாட்டம்’ படத்தில் ‘வா வாத்தியாரே’ பாடலைச் சென்னைத் தமிழில் தாமே பாடியபோது, பிறவியிலேயே சென்னைக்காரர் என்று நம்பும்படி இருந்தது. ‘சம்சாரம் அது மின்சாரம்’ படத்தின் பணிப்பெண் கண்ணம்மாவையும் ‘சின்னத் தம்பி’யின் கைம்பெண் தாயையும் அடுத்தடுத்துத் திரையிட்டபோது, முன்னதில் கைதட்டிய உறுப்பினர்கள் பின்னதில் பேச்சற்று அமர்ந்திருந்ததை நான் கண்டேன்.

அண்ணா, கலைஞர் ஆகியோருடன் மேடையிலும், எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, என்.டி. ராமாராவ் ஆகியோருடன் திரையிலும் நடித்தவர் அவர். 1,000 படங்களைக் கடந்ததற்காகக் கின்னஸ் ஏட்டில் இடம்பெற்றார். ‘புதிய பாதை’க்காகத் தேசிய விருதும், 2002-இல் பத்மஸ்ரீயும் பெற்றார். 2015-இல் சென்னையில் காலமானார்.

ஒரு வருத்தத்தையும் பதிவு செய்ய வேண்டும். திரையில் அவர் செய்தவற்றைத் தேடியவுடன் பார்க்க முடிந்தது. அவருடைய மேடை நடிப்பின் பதிவு ஒன்றுகூட எங்கள் கைக்குக் கிட்டவில்லை. அந்நாடகங்களை நேரில் பார்த்த மூத்த உறுப்பினர்கள் சிலர் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுடைய நினைவுகளை ஒலிப்பதிவு செய்யத் தொடங்கியுள்ளோம். வரும் ஆண்டில் இதுவே முதல் பணியாக இருக்க வேண்டும் என்று முன்மொழிகிறேன். பழைய நாடக அறிவிப்புத் தாள்கள், நோட்டீசுகள், நிழற்படங்கள் வீட்டில் இருப்பவர்கள் படியெடுக்கத் தந்து உதவ வேண்டுகிறேன்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே படிப்பார். இவ்வறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்