பராமரிப்பே தேவைப்படாத சிற்பமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில், அவுட்டர் ரிங் ரோட்டில் ஓர் அலுவலகக் கட்டட வாசலில் நிற்கும் ஒளிச்சிற்பத்தைப் பற்றி முழுப் பக்கம் எழுதியிருந்தீர்கள். எல்லாம் சரி. நடுவில் "பராமரிப்பே தேவைப்படாத வடிவமைப்பு" என்று ஒரு வரி வருகிறதே, அதன் கீழ் சிவப்பு மையால் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

பெங்களூர் பீன்யா தொழிற்பேட்டையில் முப்பத்தோரு வருஷம் தகடு வெட்டிப் பற்றவைக்கும் ஃபேப்ரிகேஷன் பட்டறை நடத்தியவன் நான். இதே மாதிரி ஒன்றை வேறொரு கட்டடத்துக்கு 16 அடி உயரத்தில் செய்து கொடுத்தேன். 2 மி.மீ. தகட்டில் லேசரில் துளை போட்டு, உள்பக்கம் பால்நிற அக்ரிலிக் ஒட்டி, அதற்குள் எல்.இ.டி. பட்டை. கம்ப்யூட்டர் படத்தில் தாமரை மொட்டாக அழகாகத்தான் இருந்தது. ரிப்பேருக்கு ஒரு கதவு வைக்கலாமா என்று கேட்டேன். "வடிவத்தின் கோடு கெட்டுவிடும்" என்றார் வடிவமைப்பாளர். பட்டைக்குக் கரண்ட் மாற்றிக் கொடுக்கும் டிரைவரையாவது தரையில் தனிப் பெட்டியில் வைக்கலாமா? கூடாதாம். எல்லாவற்றையும் உள்ளே போட்டு மூடச் சொன்னார்.

மூடிய பெட்டியும் மூச்சு விடும் என்பது தாங்கள் அறியாததல்ல. பகல் வெயிலில் உள்காற்று விரிந்து வெளியே போகும். சாயங்காலம் குளிர்ந்ததும் ஏதாவது இடுக்கு வழியே ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஐ.பி. 67 பட்டை, தண்ணீர் புகாது என்றார்கள். அந்தச் சோதனை ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம். அதுவும் பட்டைக்குத்தான், நடுவில் போட்ட ஜாயின்ட்டுக்கு அல்ல. இரண்டாவது மே மாத மழைக்கே மொட்டின் ஒரு பக்கம் இருட்டு. கிரைண்டரால் அறுத்துத்தான் உள்ளே கைவிட முடிந்தது. வெல்டிங் சரியில்லை என்று சொல்லி நிறுத்திவைத்த பத்து சதவீதப் பணம் இன்றுவரை வரவில்லை.

உங்கள் கட்டுரையில் வடிவமைப்பாளர் படித்த கல்லூரி முதல் அவருக்குப் பிடித்த டீ வரை இருக்கிறது. பற்றவைத்தவர்கள் மட்டும் "உள்ளூர் உதவியாளர்கள்". நான் கோலார் தங்கவயல்காரன். சிவசமுத்திரம் நீர்மின் நிலையத்துக் கரண்ட் 1902லேயே எங்கள் சுரங்கத்துக்கு வந்துவிட்டது. பெங்களூர் தெருவிளக்குக்கு 1905ல்தான். நாங்கள் உதவியாளர்களா? போகட்டும்.

இன்னொரு கட்டடத்து நீல வெளிச்சம் ராத்திரி முழுக்க எதிர்வீட்டுப் படுக்கையறைக்குள் அடிப்பதைப் பற்றிப் போன வருஷம் எழுதினேன். இடமில்லை என்று பாதியை வெட்டினீர்கள். மீதியைப் படித்தவர்கள், நான் ஊரில் விளக்கே வேண்டாம் என்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள்.

இப்போது கேட்பது சின்ன விஷயம். படத்துக்குக் கீழே "அலுமினியச் சிற்பம்" என்று போட்டிருக்கிறீர்கள். நேரில் போய்ப் பார்த்தேன். செக்யூரிட்டி தம்பி விரட்டுவதற்குள் ஒரு முறை தட்டியும் பார்த்தேன். அது எஸ்.எஸ்., அதாவது துருப்பிடிக்காத எஃகுத் தகடு. ஞாயிறு இணைப்பிலேயே இரண்டு வரி திருத்தம் போட்டால் போதும். சுற்றி வந்தும் பார்த்தேன். அதிலும் கதவு இல்லை.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்,
அல்சூர், பெங்களூரு